‘கொப்பரைப் போலத்தான் நீயும்’ என்று சொல்லாதீர்கள்

நாம் அறிந்த வீடு ஒன்று. ஊரும் பேரும் இங்கே வேண்டாம். வன்னியில் மூன்று ஏக்கர் வயலும் ஒரு தோட்டக் கிணறும் வைத்திருந்த குடும்பம். 2008ஆம் ஆண்டில் தறப்பாளையும் பானை சட்டியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, பல இடங்கள் மாறி, 2009இல் முகாமுக்குப் போய், பின்னர் ஊர் திரும்பியவர்கள். திரும்பியபோது வயல் பற்றை பிடித்துக் கிடந்தது. கிணறு தூர்ந்திருந்தது. முன்பு திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் கள்ளுக் குடித்த தகப்பனார், ஊர் திரும்பிய பின் நாளாந்தம் குடிக்கத் தொடங்கினார். கள்ளு சாராயமாகியது, கையில் காசில்லாத நாட்களில் கசிப்பாகியது. அவருடைய தகப்பனாரும் குடித்தே செத்தவர் என்பது ஊருக்குத் தெரிந்த விடயம்.

முகாமுக்குப் போகும்போது கைக்குழந்தையாக இருந்த கடைசி மகன் ஐந்தாம் வகுப்புக்கு வந்தான். பாடசாலையில் ஒவ்வொரு நாளும் சண்டை. பக்கத்துப் பிள்ளையின் காசு காணாமற் போனது. பாடசாலைக்கென்று வெளிக்கிட்டுப் போய்க் குளக்கட்டில் இருந்துவிட்டு வந்தான். இரவில் படுக்கையை நனைத்தான். ஒருநாள் தாயைப் பாடசாலைக்கு அழைத்து, “இவனை இனி வைத்திருக்க முடியாது” என்றார்கள். வீட்டுக்கு வந்த தாய், பூவரசங் கம்பை முறித்து அடித்தபடி, “கொப்பரைப் போலத்தான் நீயும் வரப்போறாய்” என்று கத்தினார். அழாமல் நின்ற பிள்ளை ஒரு கேள்வி கேட்டான்: “அப்ப நான் ஏன் படிக்கவேணும்?”

அந்தத் தாயிடம் பதில் இருக்கவில்லை. அதனைத் தேடுவதே இப்பாடத்தின் நோக்கமாகும். தகப்பனும் பேரனும் குடித்தவர்களாக இருந்தால் பிள்ளையும் அப்படித்தான் வரவேண்டுமா? அவனுடைய குழப்படிக்கும் வீட்டிலுள்ள போத்தலுக்கும் தொடர்பு என்ன? வீட்டில் நாம் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

குடி பரம்பரையாக வருமா?

‘அது அவையின்ரை இரத்தத்திலை ஊறினது’ என்று எமது ஊர்களில் சொல்லுவார்கள். இதில் ஒரு பங்கு உண்மை உண்டு. முழுவதும் உண்மையல்ல.

இதனை அறிவதற்கு டென்மார்க் நாட்டிலே ஓர் ஆய்வு நடந்தது. குடிநோய் உள்ள பெற்றோருக்குப் பிறந்து, பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி இருந்தார்கள் என்று டொனால்ட் குட்வின் என்னும் வைத்தியரும் அவரது குழுவினரும் தேடிப் பார்த்து, 1973ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட 55 பேரில் 10 பேர் குடிநோயாளராகியிருந்தனர். குடிநோய் இல்லாத பெற்றோருக்குப் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட 78 பேரில் 4 பேரே அப்படி ஆகியிருந்தனர். நூற்றுக்கு 18 ஒரு பக்கம், நூற்றுக்கு 5 மறு பக்கம். தகப்பன் குடிப்பதை ஒருநாளும் கண்ணால் காணாத பிள்ளைகளிலும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆகவே பிறப்போடு வரும் ஏதோவொன்று உண்டு என்பது தெளிவு. பின்னர் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்ட பல ஆய்வுகள், குடிநோய்க்கான காரணத்தில் ஏறக்குறைய அரைவாசி பிறப்போடு வருவது என்றும், மிகுதி வீடு, நண்பர்கள், ஊர், வாழ்க்கை நிலைமைகள் ஆகியவற்றால் வருவது என்றும் காட்டின.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமாகவும் வாசியுங்கள். 55 பேரில் 45 பேர் குடிநோயாளராகவில்லை! இதனைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

விவசாயிகளாகிய நமக்கு இது புதிதல்ல. ஒரே விதைநெல்லை இரண்டு வயலில் விதைக்கிறோம். நோய் தாங்காத இனமென்று தெரிந்தால் அந்த வயலைக் கூடுதலாகக் கவனிக்கிறோம். தண்ணீரை அளவாக விடுகிறோம். பசளையைப் பார்த்துப் போடுகிறோம். அடிக்கடி வரம்பில் நின்று பார்க்கிறோம். ‘இது நோய் பிடிக்கிற இனம்’ என்று சொல்லி வயலைக் கைவிட்டுவிடுவதில்லை. பிள்ளைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்?

பிள்ளையின் குழப்படி எங்கிருந்து வருகிறது?

குடிநோய் உள்ள வீடுகளில் வளரும் பிள்ளைகளிடம் சண்டை, பொய், களவு, படிப்பில் கவனமின்மை, பயம், மனச்சோர்வு ஆகியவை மற்றப் பிள்ளைகளிலும் பார்க்கக் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பிறவிச் சுபாவம். சிலர் பிறப்பிலேயே பொறுமை குறைந்தவர்கள். நினைத்ததை உடனே செய்துவிடுவார்கள், ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள், கோபம் சட்டென்று வரும். இந்தச் சுபாவம் உள்ளவர்கள் வளர்ந்தபின் குடியில் விழும் வாய்ப்பும் கூட. ஆகவே தகப்பனின் குடியும் மகனின் குழப்படியும் சில குடும்பங்களில் ஒரே வேரிலிருந்து முளைத்த இரண்டு கன்றுகளாக இருக்கலாம். பிள்ளை வேண்டுமென்று செய்கிறான் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி அவனால் இலகுவில் அடக்க முடியாதது.

இரண்டாவது, வீட்டின் நிலைமை. இன்றைக்கு அப்பா எப்படி வருவார் என்று தெரியாத வீட்டில் பிள்ளையின் காது எந்நேரமும் படலையில் இருக்கும். படலை திறக்கும் சத்தத்திலேயே அன்றைய இரவை அறிந்துகொள்வான். அப்படி இருக்கும் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் தலையில் ஏறாது. நேற்று அப்பா சிரித்துத் தட்டிக்கொடுத்த அதே குழப்படிக்கு இன்று அடி விழுகிறது. எது சரி, எது பிழை என்பதைப் பிள்ளை எப்படிப் படிப்பான்? கோபம் வந்தால் அடிப்பதுதான் வழி என்பதை மட்டும் படித்துக்கொள்வான்.

மூன்றாவது, போரும் இடப்பெயர்வும். இது நமக்குரியது. வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, போர் அனுபவங்களையும் கடற்கோளையும் வீட்டு வன்முறையையும் சேர்த்துப் பார்த்தது. பத்தில் மூன்று பிள்ளைகள் அதிர்ச்சிக்குப் பின்னான உளநோயின் அறிகுறிகளோடு இருந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் படும் அடி உதைக்கும் தகப்பனின் குடிக்கும் நேரடியான தொடர்பு இருந்ததையும் அந்த ஆய்வு கண்டது. வெளியே நடந்த போரும் வீட்டுக்குள் நடந்த சண்டையும் ஒரே பிள்ளையின் தலையில் இறங்கின.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் குழப்படி செய்வதில்லை. சில வீடுகளில் மூத்த பெண்பிள்ளை பத்து வயதிலேயே தாயாகிவிடுகிறாள். சமைக்கிறாள், தம்பி தங்கையை நித்திரையாக்குகிறாள், அப்பாவின் சட்டைப் பையில் மிச்சமுள்ள காசை எடுத்து ஒளித்துவைக்கிறாள். ஊர் அவளைக் ‘கெட்டிக்காரி’ என்று மெச்சும். அவளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுவலியையும் தலையிடியையும் யாரும் கவனிப்பதில்லை. சத்தம் போடாத பிள்ளைக்கும் நோவு உண்டு.

அதேவேளை எல்லாக் குழப்படிக்கும் குடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. காது கேளாமை, கண்பார்வைக் குறை, பசி, வாசிப்பதில் உள்ள கஷ்டம் ஆகியவையும் பிள்ளையைக் குழப்படிக்காரனாகக் காட்டும். வைத்தியசாலையில் ஒருதடவை காட்டிப் பார்ப்பது நல்லது.

தப்பி வந்த பிள்ளைகள்

பசிபிக் சமுத்திரத்தில் ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு உண்டு. கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டங்களின் தீவு. அங்கே 1955ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற பேராசிரியையும் அவருடன் சேர்ந்தோரும் பல பத்து வருடங்களாகத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 49 பேர் குடிநோய் உள்ள பெற்றோரின் பிள்ளைகள். பெரும்பாலும் வறுமைப்பட்ட வீடுகள். பதினெட்டு வயதில் பார்த்தபோது, அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பாரதூரமான பிரச்சினைகள் எதுவுமின்றிப் படித்து, வேலை செய்து, மற்றவர்களோடு நன்றாகப் பழகி வாழ்ந்தார்கள்.

இவர்களைக் காப்பாற்றியது எது? குழந்தைப் பருவத்தின் முதல் இரண்டு வருடங்களில் குடும்பம் குலையாமல் இருந்தமை ஒன்று. தங்களால் ஏதும் செய்யமுடியும் என்ற நம்பிக்கை இன்னொன்று. ஒரு பாட்டி, ஓர் அண்ணன், ஓர் ஆசிரியர் என்று அவர்கள் பக்கம் நின்ற பெரியவர்கள் மற்றொன்று. தகப்பன் குடியை விட்டதால் மட்டும் அவர்கள் தப்பவில்லை. தகப்பன் குடித்துக்கொண்டிருந்தபோதும் பலர் தப்பினார்கள்.

அமெரிக்காவில் வூலின், பெனற் ஆகியோரும் அவர்களோடு சேர்ந்தோரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எமக்கு மிகவும் பயனுள்ளது. குடிநோயுள்ள குடும்பங்களில் எவற்றில் அந்த நோய் அடுத்த தலைமுறைக்குப் போகிறது, எவற்றில் போகவில்லை என்று அவர்கள் பார்த்தார்கள். இராச் சாப்பாடு, பண்டிகை நாள், விருந்தினர் வருகை போன்ற வீட்டு வழக்கங்களைக் குடி குழப்பவிட்ட குடும்பங்களில் அது கூடுதலாகப் பிள்ளைகளுக்குப் போயிருந்தது. தகப்பன் குடித்தாலும் அந்த வழக்கங்களை விடாமற் காத்த குடும்பங்களில் அது குறைவு.

இடம்பெயர்ந்த நமக்கு இதன் பொருள் ஆழமானது. வீடு போனது, வயல் போனது, மாடு கன்று போனது. அவற்றோடு நாம் சேர்ந்து இருந்து சாப்பிட்ட நேரமும் போனது. முகாமில் சமைத்த உணவுக்கு வரிசையில் நின்று, ஆளுக்கொரு மூலையில் இருந்து சாப்பிட்டோம். ஊர் திரும்பிய பின்னும் பல வீடுகளில் அந்த வழக்கம் மாறவில்லை. வயலை மீட்கப் பணமும் அரசாங்கமும் வேண்டும். சாப்பாட்டு நேரத்தை மீட்க அவை வேண்டியதில்லை.

வீட்டிலே நாம் செய்யக்கூடியவை

1. ஒரு வேளையைக் காத்துக்கொள்ளுங்கள். அந்தியில் விளக்கு வைத்தபின் ஒரு நேரத்தைக் குறித்து, எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். புட்டும் சம்பலும் போதும். தகப்பன் நிதானமாக இருந்தால் அவருக்கும் அங்கே இடமுண்டு. வெறியில் வந்தால் அவருடைய சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். அவருக்காகக் காத்திருந்து பிள்ளைகளைப் பட்டினியோடு படுக்கவிடாதீர்கள்.

2. பிள்ளையைப் போத்தல் வாங்க அனுப்பாதீர்கள். தவறணையிலிருந்து அப்பாவைக் கூட்டிவரவும் அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பது குற்றம். ‘தடிமனுக்கு நல்லது’ என்று ஒரு வாய் கள்ளுக் கொடுப்பதையும், கலியாண வீட்டில் மிச்சம் வைத்ததைப் பொடியன் குடிக்கும்போது சிரிப்பதையும் நிறுத்துங்கள். பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேரளவில் பின்னர் குடிக்கு அடிமையானார்கள் என்றும், இருபது வயதிலோ அதன் பின்னரோ தொடங்கியவர்களில் இது நூற்றுக்கு 10 அளவே என்றும் 1997இல் அமெரிக்காவில் வெளியான கணக்கொன்று சொல்கிறது.

3. வெறியில் இருப்பவரோடு வாதாடாதீர்கள். அந்நேரம் சொல்வது எதுவும் ஏறாது, அடிதான் விழும். பேசவேண்டியதைக் காலையில் பேசுங்கள். இரவில் நிலைமை கைமீறினால் பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போவது என்பதை முற்கூட்டியே அயலவரோடு பேசி வையுங்கள். மாமி வீடோ, பெரியம்மா வீடோ, அது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

4. கம்பைக் கீழே வையுங்கள். அடித்து வளர்த்த பிள்ளை அடிக்கப் பழகுகிறான். ஒரு கிழமைக்கு ஒரே ஒரு சட்டத்தை எடுங்கள்: ‘பாடசாலையால் நேரே வீட்டுக்கு வரவேணும்.’ வந்தால் வாயால் மெச்சுங்கள். வராவிட்டால் முன்பே சொன்ன சிறு தண்டனையைச் சத்தம் போடாமற் கொடுங்கள். அன்று பின்னேரம் விளையாட்டில்லை என்பது போதும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றாதீர்கள். இருப்புக்கொள்ளாத பிள்ளைக்குக் கைவேலை கொடுங்கள். நாலு பாத்தி மிளகாய்க் கன்று, இரண்டு கோழி, அவனுக்கே சொந்தமென்று. தண்ணீர் ஊற்றினால் வளரும், ஊற்றாவிட்டால் வாடும் என்பது அவனுக்கு நல்ல பாடம்.

5. உண்மையைச் சொல்லுங்கள். ‘அப்பாவுக்குக் காய்ச்சல்’ என்று பிள்ளையிடம் பொய் சொன்னால் பிள்ளையும் பொய் சொல்லப் பழகும். ‘அப்பாவுக்குக் குடி ஒரு வருத்தமாகிவிட்டது. அது உன்னால் வந்ததில்லை. நீ நல்ல பிள்ளையாக இருந்தால் அப்பா குடிக்கமாட்டார் என்பதும் இல்லை. அதைச் சுகப்படுத்துவது உன் வேலை அல்ல’ என்று சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

6. வளர்ந்த பிள்ளைக்குப் பரம்பரையைச் சொல்லுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில், அமைதியான ஒரு நேரத்தில், ‘எங்கடை குடும்பத்திலை இது இருக்கு, அதனாலை நீ மற்றவையிலும் பார்க்கக் கவனமா இருக்கவேணும்’ என்று சொல்லுங்கள். இதிலே முக்கியமான ஒரு விடயம் உண்டு. அமெரிக்காவில் மார்க் ஷுக்கிற் என்ற வைத்தியர் 1978 முதல் குடிநோயாளரின் மகன்மாரைப் பல வருடங்கள் தொடர்ந்து ஆராய்ந்தார். இருபது வயதளவில், ஒரே அளவு குடித்தும் மற்றவரிலும் பார்க்கக் குறைவாக வெறித்தவர்களே பிற்காலத்தில் கூடுதலாகக் குடிநோயாளரானார்கள். ‘எவ்வளவு அடிச்சாலும் எனக்கு ஏறாது’ என்று எமது இளைஞர்கள் பெருமை பேசுவார்கள். அது பலத்தின் அடையாளமல்ல, அபாயத்தின் அடையாளம். நிறுத்து என்று சொல்லவேண்டிய மணி அவர்களுக்குப் பிந்தியே அடிக்கிறது.

7. இன்னொரு பெரியவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மம்மா, மாமா, வகுப்பாசிரியர், அயல் வீட்டு ஐயா, யாராகவும் இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் வீட்டு நிலைமையைத் தனியே சொல்லுங்கள். வெட்கம்தான். ஆனால் ‘கெட்ட பிள்ளை’ என்று நினைத்த ஆசிரியர் ‘கஷ்டப்படுகிற பிள்ளை’ என்று அறிந்துகொண்டால் நடத்தும் விதம் மாறும்.

பிள்ளைக்குக் காயம் வரும்படி அடி விழுந்தாலோ, பாலியல் தொந்தரவு நடந்தாலோ மறைக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

தகப்பன்மாருக்கு ஒரு சொல்

ஐயா, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இதனை எழுதவில்லை. நித்திரை வராத இரவுகளை நாம் அறிவோம். பத்துப் பேருக்குக் கூலி கொடுத்த கை நிவாரண அட்டையை நீட்டிய அவமானத்தையும் அறிவோம். குடித்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? முதல் வாய் குடித்தபின்தான் நடுக்கம் நிற்கிறதா? இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தும் கால் அங்கேதான் போகிறதா? அப்படியானால் இது வைத்தியம் வேண்டிய நோய். வெட்கப்படத் தேவையில்லை; ஆனால் தாமதிக்கவும் கூடாது.

ஓர் எச்சரிக்கை. நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் ஒரேநாளில் தானாக நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தோன்றுவதும் ஏற்படலாம். உயிராபத்தும் உண்டு. கோவிலில் சத்தியம் பண்ணி நிறுத்த விரும்பினாலும் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்கு உதவி உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். ஒருதடவை விட்டு மீண்டும் விழுந்தால் அது தோல்வியல்ல. பலர் பல தடவை விழுந்தே எழும்பினார்கள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன பதில்?

நாம் சொன்ன வீட்டில் தகப்பனார் உடனே குடியை விடவில்லை. ஆனால் தாய் இரண்டு காரியங்களைச் செய்தார். ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. ‘கொப்பரைப் போல’ என்ற சொல் அதன்பின் அந்த வீட்டில் எழும்பவில்லை. வகுப்பாசிரியை அவனை வகுப்பிலேயே வைத்துக்கொண்டார். பாடசாலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுத்தார். சண்டை ஒரேயடியாக நிற்கவில்லை. நாளுக்கு ஒன்றாக இருந்தது கிழமைக்கு ஒன்றாகியது. ஒருநாள் அந்தியில் தகப்பனார் குடிக்காமல் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் பாயில் பிள்ளைகளோடு இருந்தார். தாய் ஒன்றும் பேசாமல் ஒரு கோப்பையை எடுத்து வைத்தார். மறுநாள் அவர் மறுபடியும் குடித்தார். அதன்பின் வைத்தியசாலைக்குப் போக இன்னும் எட்டு மாதம் எடுத்தது.

‘அப்ப நான் ஏன் படிக்கவேணும்?’ என்ற கேள்விக்கு இனி நாம் இப்படிச் சொல்லலாம்: ‘நீ கொப்பரின்ரை மகன். அவரிட்டையிருந்து அவரின்ரை கை வேலையும் உனக்கு வந்திருக்கும், குடியிலை விழுகிற பலவீனமும் வந்திருக்கலாம். ஆனால் நீ என்னவாக வருவாய் எண்டது இன்னும் எழுதப்படயில்லை. அதுக்காகத்தான் படிக்கவேணும்.’

கூடிப் பேசுவதற்கு

1. எமது கிராமத்தில் ‘குழப்படிப் பிள்ளை’ என்று பெயரெடுத்த ஒரு பிள்ளையை (பெயர் சொல்லாமல்) நினைத்துப் பாருங்கள். அவனுடைய வீட்டு அந்திநேரம் எப்படி இருக்கும்?

2. இடப்பெயர்வுக்கு முன் எமது வீடுகளில் இருந்து, பின்னர் கைவிடப்பட்ட நல்ல வழக்கங்கள் எவை? எதனை முதலில் மீட்கலாம்?

3. கலியாண வீடு, செத்தவீடு ஆகியவற்றில் இளைஞருக்குக் குடி பரிமாறுவதை நிறுத்த எமது சங்கங்கள் என்ன செய்யலாம்?

4. இரவில் ஓடிவரும் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும் வீடுகள் எமது ஒழுங்கையில் எத்தனை உண்டு? அவற்றுள் நமது வீடும் ஒன்றா?